ஊர் சொல்லும் தீர்ப்பு

நெய்வேலி நகரியத்தில் ஏதோ ஒரு வட்டத்தில் ஒரு வீட்டின் பூட்டு உடைக்கப்பட்டால், காவல் துறையினர் வந்து சேர்வதற்கு முன்பே வழக்கு முடிந்துவிடுகிறது. தேநீர்க் கடை வழக்கு மன்றமாகிறது. பால் வாங்க வந்தவர் சாட்சி. காலை நடைக்குப் புறப்பட்ட ஓய்வு பெற்ற அதிகாரி நீதிபதி. "வெளியாள் வேலைதான்" என்பது தீர்ப்பு. "பிடித்து நாலு தட்டுத் தட்டினால் உண்மை தானாக வரும்" என்பது தண்டனை. அந்த வெளியாளுக்கு ஒரு பெயர் கண்டுபிடிப்பது மட்டுமே மிச்சம். அதைப் போலீசார் பார்த்துக்கொள்ள வேண்டும்!

யார் இந்த வெளியாள்? 1956ஆம் ஆண்டில் நிறுவனம் பிறந்தது. 1957இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். சுரங்கம் விரிய விரிய ஊர்கள் இடம் பெயர்ந்தன. வயலைக் கொடுத்தவரும் வாழ்ந்த வீட்டைக் கொடுத்தவரும் நகரியத்திற்கு அப்பால் குடியேறினர். அவர்களின் பிள்ளைகளில் ஒருவர் இன்று ஒப்பந்தத் தொழிலாளியாக விடியலில் உள்ளே வருகிறார். பொழுது சாய்ந்தால் வெளியாளாகிவிடுகிறார். அவர் பாட்டன் நிலத்தின் அடியில் கிடந்த பழுப்பு நிலக்கரி உள்ளூர்ச் சொத்து. அவர் மட்டும் அயலார்! விந்தை இது, ஆயினும் இந்த விந்தையை நாள்தோறும் கேட்டுக் கேட்டு நம் செவிகள் பழகிவிட்டன.

களவே நடக்கவில்லை என்று நாம் வாதாட வரவில்லை. செப்புக் கம்பி போகிறது, பழைய இரும்பு போகிறது, பூட்டிய வீட்டில் நகை போகிறது. மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த சங்கிலியை இழந்த தாயின் கண்ணீர் நகையாடத் தக்கதன்று. திருடனைத் தேட வேண்டும், பிடிக்க வேண்டும், மெய்ப்பிக்க வேண்டும். நாம் கேட்பது அந்த 'நாலு தட்டு' பற்றி. அதைக் கொடுப்பது காவலரின் கை என்றாலும், அந்தக் கையை ஓங்க வைப்பது யாருடைய வாய்?

நெய்வேலியிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய ஊர் கம்மாபுரம். அதற்கு அருகில் முதனை. 1993 மார்ச் மாதத்தில், நகைத் திருட்டொன்றின் பேரில், முதனையைச் சேர்ந்த குறவர் இனத் தொழிலாளி இராஜாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் மனைவி பார்வதியும் உறவினரும் வதைக்கப்பட்டனர். பிறகு, "தப்பி ஓடிவிட்டான்" என்றது காவல் நிலையம். ஓடிய மனிதர் வேறொரு மாவட்ட எல்லையில் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தார்! எழுத்தறியாத அந்த ஏழைப் பெண் ஓயவில்லை. பொதுவுடைமைத் தோழர்கள் துணை நின்றனர். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. வாதாடியவர், பின்னாளில் அதே மன்றத்தின் நீதிபதியான கே. சந்துரு. காவலர்கள் குற்றவாளிகளே என்று உயர்நீதிமன்றம் உறுதி செய்தபோது ஆண்டு 2006. பதின்மூன்று ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை உயர்நிலைப் பள்ளியில் அமர்ந்திருக்கும்.

இந்த நிகழ்ச்சியைத் தழுவி, பாதிக்கப்பட்டவரை இருளராக மாற்றி, 2021இல் 'ஜெய் பீம்' என்ற திரைப்படம் வந்தது. நம் ஊரும் பார்த்தது. நம் ஊரும் அழுதது. பள்ளி ஆசிரியர் அறையில் ஒரு வாரம் வேறு பேச்சில்லை. அழுத கண்கள் உலர்ந்தன, அடுத்த வட்டத்தில் பூட்டு உடைந்தது, "நாலு தட்டுத் தட்டினால்..." என்று அதே வாய்கள் ஆரம்பித்தன. திரையில் அடிபட்டவனுக்காக அழுவதற்கு மனம் இருக்கிறது. தெருவில் அடிபடப் போகிறவனுக்காக ஒரு சொல் சொல்வதற்குத்தான் மனம் வரவில்லை.

தட்டினால் உண்மை வருமா? காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2024 ஜூலையில் அதன் இடத்திற்கு வந்த புதிய சட்டமும் அந்த விதியை வைத்திருக்கிறது. ஆனால் ஒரு சிறு வாசல் உண்டு: அந்த வாக்குமூலத்தால் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதைச் சார்ந்த பகுதி மட்டும் செல்லும். தடி நுழைவது அந்த வாசல் வழியாகத்தான்! 'நகை எங்கே?' என்ற கேள்வி மட்டும் ஏன் அத்தனை அடியோடு கேட்கப்படுகிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த அஜித்குமாரிடமும் அதே கேள்விதான் கேட்டார்கள். நம்மை ஒத்த இளைஞர். உடற்கூறு ஆய்வில் 44 காயங்கள்.

இது புதிய நோயன்று. 1855இல், கும்பெனி ஆட்சிக் காலத்திலேயே, சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய்ந்து ஒரு குழு அறிக்கை தந்தது. வரி வாங்கவும் வாக்குமூலம் வாங்கவும் விரல்களைக் கட்டைக்கிடையே நசுக்கும் 'கிட்டி' பயன்பட்டதையும், கழுத்தையும் கால் விரலையும் சேர்த்துக் கட்டி ஆளைக் குனிய வைத்ததையும் அதில் படிக்கலாம். கிட்டி போய்விட்டது, 1859இல் காவல் துறைக்கெனத் தனிச் சட்டமும் வந்தது. பின்னர் வந்ததோ குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே தொடங்கி 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் பரவி, குறவர் உள்ளிட்ட பல இனங்களைத் தொட்டிலிலேயே திருடராக்கியது. அதை 1947இல் சென்னை மாகாணம் ஒழித்தது. 1952இல் நாடு முழுதும் ஒழிந்தது. ஏட்டிலே ஒழிந்தது. தேநீர்க் கடைப் பேச்சிலே?

அரசியல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆளுங் கட்சி ஆதரவாளருக்கு ஊரில் அமைதி நிலவும். எதிர்க்கட்சி ஆதரவாளருக்குச் சட்டம் ஒழுங்கு சீர்குலைந்திருக்கும். தேர்தல் முடிந்து ஆட்சி மாறினால் இருவரும் வசனத்தை மாற்றிக்கொள்வர். காவல் நிலையத்தில் நாற்காலி கிடைக்கும் உள்ளூர்த் தலைவர், தமக்கு வேண்டியவரை விடுவித்து வந்து அதையே தொண்டு என்பார். வேண்டியவர் இல்லாதவனுக்குத் தரைதான்.

ஆனால் நமக்கு மிகவும் அச்சம் தருவது காவல் நிலையமன்று, வகுப்பறை. "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தோலை உரித்துவிடுங்கள், ஐயா" என்று பெற்ற தகப்பனே மகனை நம் கையில் ஒப்படைத்ததுண்டு, அன்போடுதான் சொன்னார்! சென்ற ஆண்டு ஒரு மாணவியின் பையிலிருந்த தேர்வுக் கட்டணப் பணம் காணாமற் போயிற்று. "யாரேனும் பார்த்தீர்களா?" என்று கேட்டோம். பார்த்தவர் ஒருவருமில்லை, ஆயினும் வகுப்பின் கண்கள் முழுதும் முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரே மாணவன் மீது திரும்பின. அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். பையைச் சோதிக்கச் சொன்னார்கள், மறுத்தோம். கட்டணத்தை ஆசிரியர்கள் பகிர்ந்து கட்டினோம். பணம் போன வழி இன்றுவரை தெரியாது. அந்தப் பையன் மட்டும் மறுநாளிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டான். முன்னே வரச் சொன்னால், "இங்கேயே இருக்கிறேன், ஐயா" என்கிறான். பதின்மூன்று வயது. அந்த வகுப்பில் நாளைய காவலரும் இருப்பார், நாளைய தேநீர்க் கடை நீதிபதியும் இருப்பார்.

சிலப்பதிகாரம் நடத்தும்போது கண்ணகியின் சீற்றத்தைச் சொல்லிக் கைதட்டல் பெறுகிறோம். அதற்கு முன்னால் கொலைக்களத்தில் நடந்ததை விரைந்து கடந்துவிடுகிறோம். கோவலனைக் கண்ட காவலர் உடனே வெட்டிவிடவில்லை. இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் பேசுகிறான்: கள்வரின் மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று நீண்ட சொற்பொழிவு. அவன் தொழிலையோ குலத்தையோ நாம் குறை சொல்லவில்லை. சிலம்பைத் திருடியவனே களவுக் கலையில் வல்லுநராகப் பேசுகிறான் என்பதைக் கவனியுங்கள்! கேட்டுக்கொண்டு நின்றவர்களில் குடித்திருந்த ஒருவன் வாளை வீசினான். சான்று ஒன்றும் காட்டப்படவில்லை, பேச்சுப் போதுமானதாயிற்று.

வரும் வாரம் பத்தாம் வகுப்பில், பாடநூலில் உள்ள பகுதியோடு இந்தக் காட்சியையும் சேர்த்து நடத்தவிருக்கிறோம். பொற்கொல்லன் பேச்சை ஒரு மாணவன் படிப்பான். மற்றவர்கள் தயங்கி நின்ற காவலராக இருந்து அவனைக் கேள்வி கேட்க வேண்டும். 1996இல் உச்சநீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் விதித்த கட்டளைகளைத் தாளில் எழுதிக் கையில் கொடுக்கப் போகிறோம்: பிடித்த நேரத்தைக் குறித்த கைதுக் குறிப்பு, அதில் சாட்சியின் கையெழுத்து, உறவினருக்குச் செய்தி, 48 மணி நேரத்திற்கு ஒரு முறை மருத்துவர் பரிசோதனை. கோவலன் பக்கம் பேச யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டபோது நான்கு பெண்கள் எழுந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருவரும் எழவில்லை; இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன.