நாலடி உயரம்

எங்க பெட்ச்ல ஒரு நண்பன், கிளிநொச்சிப் பக்கம். அவனுக்குப் பொதுப் பட்டம், மூணு வருஷத்தோட படிப்பு முடிஞ்சுது. எனக்குச் சிறப்புப் பட்டம், இன்னும் ஒரு வருஷம் இருக்கு. பேராதனையை விட்டுப் போகும்போது அவன்கிட்ட மிஞ்சினது ரெண்டு பெட்டி, ஒரு மெத்தை, ஒரு பழைய பஜாஜ் சீடி 100. பெட்டியை பஸ்ல போடலாம். பைக்கை என்ன செய்றது?

ஓட்டிக்கொண்டே போகலாமே என்று நீங்க கேட்கலாம். ஏ9 வீதி தொடங்குறதே கண்டியிலதான். அதே வீதியில போய்க்கொண்டே இருந்தா கிளிநொச்சி வந்துடும். ஆனா அந்த பைக்குக்குப் புதுச் செயின் மாத்தணும்னு அவன் சொல்லத் தொடங்கியே ஆறு மாசம். வித்துடவும் மனசில்லை. 2020 மார்ச்ல வாகன இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு பழைய பைக்குகளுக்கு வந்த விலை எல்லாருக்கும் தெரியும். இறக்குமதி திரும்பத் திறந்தாலும் புது பைக் அவன் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அதனால லொறியில அனுப்புறதுன்னு முடிவு. வடக்குப் பக்கம் போற ஒரு லொறி கிடைச்சுது. ஏத்துறதுக்குத்தான் ஆள் இல்லை.

"உங்கட பக்கம் லொறி ஏத்துற ஆக்கள் ஆரும் தெரியுமோ?" என்று என்கிட்ட கேட்டான்.

"தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார்" என்று சொன்னேன்.

அந்தத் தெரிஞ்ச ஒருத்தர் என் அப்பா.

அப்பா கண்டி டவுன்ல நாட்டாமி வேலை செய்றார். கலகாப் பக்கத்துத் தோட்டத்துல பிறந்து, பதினெட்டு வயசுல டவுனுக்கு இறங்கினவர். அரிசி மூட்டை, சீமெந்து, பிரிட்ஜ், அலுமாரி, பைக் என்று லொறியில ஏறுற எதுவும் அவர் தோள்ல ஒருதரம் ஏறியிருக்கும். கம்பஸ் படிவங்கள்ல 'தந்தையின் தொழில்' என்ற இடத்துல நான் 'தனியார் துறை' என்று எழுதுவேன். பொய் இல்லைதானே.

அந்த சனிக்கிழமை காலையில ஹிந்தகலைப் பக்கம், கலகா வீதி ஓரமா லொறி வந்து நின்னுது. நண்பன், அவனோட ரூம்காரன், இன்னும் ரெண்டு பேர், நான். அப்பாவும் அவரோட ஜோடியா வேலை செய்ற சிங்கள மாமாவும் லொறியில இருந்து இறங்கினாங்க. அப்பா என்னைப் பார்த்தார். நான் "வாங்க" என்று மட்டும் சொன்னேன். அதுக்கு முன்னால போட வேண்டிய ஒரு சொல்லைப் போடல. அவருக்கு அது விளங்கிட்டுது. லொறி பின்னுக்கு வரும்போது என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். பிறந்ததுல இருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்ட மனுஷன். முதல் தடவையா 'நில்லுங்க'.

லொறியோட தட்டு என் நெஞ்சுக்குக் கிட்ட வந்தது. நாலடி இருக்கும். உள்ளே ஒரு எட்டடிப் பலகை கிடந்தது. பலகையைச் சாய்ச்சு வச்சு, நாலு பேர் பிடிச்சுத் தள்ளினா முடிஞ்சுதுன்னு பையன்கள் கையைத் தட்டிக்கிட்டு வந்தாங்க. அப்பா பலகையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பிறகு டிரைவர்கிட்ட சிங்களத்துல ஏதோ சொன்னார். "இங்க வேணாம் தம்பி. கொஞ்சம் மேல போனா ஒரு மேடு இருக்கு. அங்க ஏத்துவோம்."

"என்ன அங்கிள், இதில ஏத்தேலாதோ? பலகை இருக்குதானே" என்றான் ரூம்காரன். வெயில் ஏறுது, பசி வேற.

"ஏலும். நான் ஏத்த மாட்டேன்."

பிறகு ஏன் என்று சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால ஒருத்தரோட ஸ்கூட்டர். இதே மாதிரி உயரமான தட்டு, இதே மாதிரிப் பலகை. ஸ்கூட்டர்காரருக்கு அவசரம். தள்ளினா நேரமாகும், நான் ஸ்டார்ட் பண்ணி ஏத்துறேன் என்று அவரே ஏறி உட்கார்ந்துட்டார். முன்சில்லு தட்டுக்குப் போய்ச் சேர்ந்த நேரம் பின்சில்லு பலகையில இருந்தது. என்ஜின் இழுக்க இழுக்க சில்லு வண்டியை முன்னுக்குத் தள்ளுது. பலகையைப் பின்னுக்குத் தள்ளுது. பலகையைத் தட்டோட கட்டியிருக்கல. அதோட மேல் நுனி தட்டை விட்டு நழுவிச்சு. ஸ்கூட்டர்காரர் பாய்ந்து தப்பிட்டார். கீழே தாங்கிக்கொண்டு நின்னது அப்பா. வண்டி விழுந்தது அவரோட வலது பாதத்துல.

எனக்கு அந்தப் பாதம் ஞாபகம் இருக்கு. நான் அப்ப ஒன்பதாம் வகுப்பு. அப்பா மாவுக்கட்டோட வந்து, படியில வழுக்கி விழுந்துட்டேன் என்றார். ஆறு கிழமை வேலை இல்லை. அந்த மாசம் அம்மா காதுல கிடந்ததும் போச்சு. இத்தனை வருஷமா நானும் படியில வழுக்கினதாகத்தான் நினைச்சிருந்தேன். உண்மையை ஒரு அந்நியப் பிள்ளை மாதிரி ரோட்டோரத்துல நின்னு கேட்டேன். கேட்டும் வாய் திறக்கல.

சாய்தளம் என்று பள்ளிக்கூடத்துல விஞ்ஞானப் புத்தகத்துல படிச்சது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். உராய்வை விட்டுட்டுப் பார்த்தா கணக்கு லேசு. அந்த பைக் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. நூற்றுப் பத்து என்று வைங்க. நாலடி உயரத்துக்கு எட்டடிப் பலகை என்றா முப்பது பாகைச் சரிவு, பாதிப் பாரம், அதாவது 55 கிலோ அளவுக்கு எப்பவும் தள்ளிக்கொண்டே இருக்கணும். பலகை பன்னிரண்டடியா இருந்தா மூணுல ஒரு பங்கு, 37 கிலோவுக்குக் கிட்ட. பலகை நீள நீள உடம்புக்குச் சுகம். ஆனா நீளப் பலகையை லொறிக்காரர் யாரும் சுமந்து திரிய மாட்டார், இடம் பிடிக்கும். அந்த நீளம் இல்லாத குறையை நாட்டாமியோட முதுகு கட்டுது. சர்வதேசத் தொழில் அமைப்பு 1967ல ஒரு பரிந்துரை வெளியிட்டது. வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருத்தர் கையால சுமக்கிற உச்ச பாரம் 55 கிலோவுக்கு மேல இருந்தா அதைச் சீக்கிரம் அந்த அளவுக்குக் குறைக்கணும் என்று அதுல இருக்கு. அப்பாவோட தோள் பழகின அரிசி மூட்டைகள் அதைவிடப் பாரமானவை.

மேடு வரைக்கும் நடந்தோம். வழியில நண்பன் போன்ல ஒரு வீடியோ காட்டினான். கனடாவுல இருக்கிற அவன் மாமா அனுப்பினது. பனிமேல ஓடுற வண்டி, ஸ்நோமொபைல். அதை ஒரு உயரமான பிக்கப் தட்டுல ஏத்துறாங்க. அலுமினியச் சரிவுப் பலகை, ஓட்டுறவர் மேல உட்கார்ந்து த்ரொட்டிலைத் திருகுறார், பாதி ஏறினதும் பலகை நழுவி வண்டியும் ஆளும் பனியில குப்புற. எல்லாரும் சிரிச்சோம். அப்பாவும் எட்டிப் பார்த்தார். சிரிக்கல. "ரேம்பைக் கட்டல" என்றார். அவ்வளவுதான்.

பிறகு நான் தேடிப் பார்த்தேன். ஸ்கை-டூ என்ற பெயர்ல கியூபெக்ல பொம்பார்டியே கம்பனி அந்த வண்டியை 1959ல விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்ப வர்ற பெரிய வண்டிகள்ல பலதும் இருநூறு கிலோவுக்கு மேல. ஏத்துறதுக்கு அங்கே சொல்ற புத்தி எல்லாம் அப்பா சொன்னதேதான்: பலகையைப் பட்டியால வாகனத்தோட கட்டு, சரிவைக் குறைக்கிறதுக்கு மேடு தேடு, வண்டிக்குக் கீழ் பக்கம் யாரும் நிக்காதே. பனியே பார்க்காத மனுஷன், ஸ்நோமொபைல் விழுந்ததுக்குக் காரணத்தை மூணு செக்கன்ல சொல்லிட்டார்.

மேடு என்று அப்பா சொன்னது வீதியோரத்துல இருந்த ஒரு சின்ன மண்திட்டு. ஒரு பக்கம் சரிவா ஏறுது, மத்தப் பக்கம் செங்குத்தா வெட்டினது. சிங்கள மாமா பின்னால நின்னு கை காட்டினார். "ஹெமின்... ஹெமின்... ஹரி!" லொறி திட்டோட போய் ஒட்டிச்சு. பின்கதவை இறக்கி, இடைவெளிக்கு அந்தப் பலகையைக் குறுக்கால போட்டு, அதையும் கயித்தால கட்டினார் அப்பா. திட்டுக்கும் தட்டுக்கும் இடையில ஒரு சாண் ஏத்தம்தான் மிச்சம். என்ஜினை நிப்பாட்டி, முதலாம் கியர்ல போட்டு, கிளச்சைப் பிடிச்சுக்கொண்டு உருட்டினாங்க. நடுவுல நிக்க வேண்டி வந்தா கிளச்சை விட்டா போதும், பின்சில்லு பூட்டிக்கும். ஏத்தத்துல பாரம் எல்லாம் பின்னுக்கு வந்துடும், முன் பிரேக்கை நம்பக்கூடாது என்றார். தட்டோட விளிம்புல மட்டும் பைக்கோட வயிறு தட்டுதா என்று குனிஞ்சு பார்த்தார். தட்டல.

உள்ளே முன்சில்லை முன் தடுப்போட முட்ட வச்சு, இடையில ஒரு பழைய டயர். ஹேண்டிலோட ரெண்டு பக்கமும் கயிறு போட்டு, முன் ஷொக் கொஞ்சம் அமுங்குற வரைக்கும் இழுத்துக் கட்டினார். ஸ்டாண்ட்ல நிக்க வச்சா குழியில விழுந்தெழும்பும்போது ஸ்டாண்டே மடங்கிடுமாம். கடைசியா டிரைவர்கிட்ட, "அக்குறணையில ஒருக்கா நிப்பாட்டிக் கயித்தப் பாருங்க. புதுசாக் கட்டின கயிறு கொஞ்ச தூரத்துல தளரும்" என்றார்.

ஏத்தின நேரம் ரெண்டு நிமிஷம். கட்டின நேரம் பத்து. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

இந்த மேடு தேடுற வேலையை அப்பா யானையிடம் படிச்சதாகச் சொல்லுவார். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது எசல பெரஹராவுக்குக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளியூர் யானை ஒண்ணு லொறியில வந்திருந்தது. டிரைவர் நல்ல ஒரு திட்டாத் தேடி, மூணு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்து, தட்டு மண்ணோட பொருந்தின பிறகுதான் யானையை இறக்கினாங்க. அது பாட்டுக்கு நடந்து இறங்கிச்சு. அப்ப அப்பா சொன்னது இன்னும் காதுல இருக்கு: "யானைக்குப் பலகை போட்டா பலகை முறியும். அதனால மேடு தேடுறாங்க. மனுஷனுக்குப் பலகை போட்டா மனுஷன்தான் முறிவான். பலகை அப்படியே இருக்கும்."

2022 மார்ச்ல இறந்த நெதுன்கமுவ ராஜா ஞாபகம் இருக்கும். தலதா மாளிகைப் பேழையைச் சுமந்த அந்தக் கொம்பன் யானை, பெரஹராவுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் அளவு தூரம் வீதியால நடந்தே கண்டிக்கு வரும். 2015ல ஒரு மோட்டார் சைக்கிள் அதன்மேல மோதப் பார்த்ததுக்குப் பிறகு ஆயுதக் காவலே போட்டாங்க. யானைக்குக் குடுத்த மரியாதையில எனக்குக் குறை ஒண்ணும் இல்லை. சாமானுக்கும் குடுத்திருக்காங்க. கண்டிக்கு ரயில் வந்தது 1867ல. அதே வருஷம்தான் லூல்கந்துரையில ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். ரயில்ல சாமான் ஏத்துற மேடையை வேகன் தட்டோட உயரத்துக்கே கட்டுவாங்க. அந்த உயரத்தை எப்படிச் சமாளிக்கிறது என்று அப்பவே தெரியும். ஆனா கடைத்தெருவுல, வீட்டு வாசல்ல, லொறி நிக்கிற இடத்துல எல்லாம் அந்த நாலடி அப்படியேதான் இருக்கு.

இப்ப காசு விஷயம். ரெண்டு பேருக்கும் சேர்த்து மூவாயிரம் என்று பேசியிருந்தது. பேசினதே நான்தான். நண்பன் பர்ஸை எடுத்தான். ரூம்காரன் மெதுவா, ஆனா எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "இதுக்கு மூவாயிரமோ? ரெண்டு நிமிஷ வேலை மச்சான். நாங்களே உருட்டியிருக்கலாம்" என்றான். நண்பன் என்னைப் பார்த்தான். நான் லொறி டயரைப் பார்த்தேன். அப்பா, "பரவாயில்லை தம்பி, இருக்கிறதக் குடுங்க" என்றார். ரெண்டாயிரம் குடுத்தாங்க. ஆளுக்கு ஆயிரம்.

அவர் பலகையைச் சாய்ச்சு, நரம்பு புடைக்க, மூச்சு வாங்க, பாதத்தைப் பணயம் வச்சு ஏத்தியிருந்தா மூவாயிரம் கிடைச்சிருக்கும். ஐந்நூறு கூடவும் கிடைச்சிருக்கும். கஷ்டம் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் அதுக்குப் பேர் வேலை. கஷ்டம் வராம செய்றதுக்கு ஒரு மனுஷனுக்கு இருபத்தஞ்சு வருஷமும் ஒரு பாதமும் செலவாகியிருந்தா, அதுக்குப் பேர் 'ரெண்டு நிமிஷம்'.

ரெண்டு கிழமை கழிச்சு போன்ல கேட்டேன். "அப்பா, அன்னைக்குக் காசைக் குறைச்சாங்களே, நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

கொஞ்ச நேரம் பேசல. பிறகு, "நீ அவங்களோட படிக்கிறியே புள்ள" என்றார். அதோட, சாப்பிட்டியா என்று பேச்சை மாத்திட்டார்.

நான் சமூகவியல்ல உழைப்பைப் பத்தி ரெண்டு ஒப்படை எழுதி, ரெண்டுக்கும் நல்ல புள்ளி வாங்கினவள். அன்னைக்கு எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது ரெண்டே ரெண்டு வசனம். ரெண்டும் வரல. இந்தத் தளத்தை அந்த நண்பன் வாசிக்கிறது எனக்குத் தெரியும், அதனால இங்க சொல்லிடுறேன்.

மச்சான், பேசினது மூவாயிரம், இன்னும் ஆயிரம் பாக்கி இருக்கு. உன் பைக்கை ஏத்தினவர் என் அப்பா.