பசித்தவள் சமைத்த பலகாரம்

பாட்னா,
8 நவம்பர் 2024

அன்புள்ள செல்வி,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ சஷ்டி விரதம் முடித்து வீடு திரும்பியிருப்பாய். நேற்றுச் சாயங்காலம் நீ திருச்செந்தூர்க் கடற்கரைக் கூட்டத்தில் நின்று சூரசம்ஹாரம் பார்த்திருப்பாய். அதே நேரத்தில் நான் இங்கே கங்கைக் கரையில், இடுப்பளவு தண்ணீரில் கைகூப்பி நின்ற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கும் அவர்களுக்கும் ஒரே திதி. 'சஷ்டி'தான் இவர்கள் வாயில் 'சத்' ஆகியிருக்கிறது. தீபாவளி கழிந்த ஆறாம் நாள், சூரியனுக்கும் சட்டி மையா என்னும் தாய்க்கும் எடுக்கும் நோன்பு இது.

ஈரோட்டில் ரயில் ஏறியபோதே பண்டிகை தொடங்கிவிட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பையன்கள் பெட்டி முழுக்க நின்றுகொண்டும் தரையில் உட்கார்ந்துகொண்டும் வந்தார்கள். நன்றாகத் தமிழ் பேசிய ஒருவனிடம், தீபாவளிக்கே போயிருக்கலாமே தம்பி என்றேன். "தீவாளிக்குப் போகாட்டிப் பரவால்லக்கா. சத்துக்குப் போயே ஆகணும். அம்மா விரதம் இருப்பாங்க, ஆத்துக்குக் கூடையத் தலையில தூக்கிட்டுப் போக ஆள் வேணும்ல" என்றான். ஒரு கூடையைச் சுமக்க அவன் இந்தியாவின் குறுக்கே இரண்டு நாளுக்கு மேல் பயணம் செய்கிறான். அது எப்பேர்ப்பட்ட கூடை என்று இங்கே வந்துதான் தெரிந்தது.

என்னோடு வேலை பார்க்கும் தோழியின் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். விரதம் இருப்பவர் அவளுடைய அம்மா. நான் அவரைச் சாச்சி என்று கூப்பிடுகிறேன், நம் ஊர்ச் சித்தி மாதிரி. இந்த நோன்பை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் ஆண்டுதோறும் விடாமல் எடுக்க வேண்டும். உடம்புக்கு முடியாதபோது மருமகளிடம் ஒப்படைக்கலாம். சாச்சிக்கு அவர் மாமியார் கொடுத்தது. ஆண்களும் எடுப்பதுண்டு, ஆனாலும் பெரும்பாலும் இது வீட்டுத் தாயின் விரதம்.

முதல் நாளுக்கு 'நஹாய் காய்' என்று பெயர். குளி, சாப்பிடு என்பதுதான் அர்த்தம். கங்கையில் முழுகி, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, அந்தத் தண்ணீரிலேயே சமைத்தார் சாச்சி. பச்சரிசிச் சோறு, கடலைப்பருப்பு, சுரைக்காய், உப்புக்கு இந்துப்பு. வெங்காயம், பூண்டு வீட்டை விட்டே போய்விட்டன. அன்றைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. அன்றிலிருந்து அவருக்குக் கட்டில் இல்லை, தரையில் விரிப்புத்தான்.

இரண்டாம் நாள் 'கர்னா'. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் கிடையாது. பொழுது சாய்ந்ததும் புது மண் அடுப்பில் மாமர விறகை எரித்து வெல்லப் பாயசமும் ரொட்டியும் செய்தார். அம்மனுக்குப் படைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடும்போது யாருடைய குரலாவது காதில் விழுந்தால் அதோடு கையை எடுத்துவிட வேண்டுமாம். வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. தெருவில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக்கூடத் தோழி வாசலில் நின்று சைகையாலேயே அடக்கினாள். ஒரு மனுஷி நாலு வாய் நிம்மதியாகச் சாப்பிட ஒரு வீடே காவல் நிற்பதை நான் அன்றுதான் பார்த்தேன் செல்வி. நம் வீடுகளில் அம்மா எப்போது சாப்பிட்டாள் என்று நாம் கேட்டிருக்கிறோமா?

அந்தப் பாயசத்தோடு தொடங்குகிறது 36 மணி நேர விரதம். சோறில்லை, தண்ணீரில்லை. இனி படுத்து ஓய்வெடுப்பார் என்று நினைத்தேன். விடிகாலையில் பார்த்தால் சாச்சி அடுப்படியில் இருந்தார். பெரிய வேலையே மூன்றாம் நாள்தான். கழுவிக் காயவைத்து, காக்கை குருவி வாய் வைக்காமல் காவல் காத்த கோதுமையின் மாவு; அதோடு வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, மர அச்சில் அழுத்தி, பொரித்தெடுக்கிறார்கள். அதன் பெயர் டேக்குவா. நம் அதிரசத்துக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு பலகாரம் என்று வைத்துக்கொள். வெல்லமும் நெய்யும் சேர்ந்த மணம் தெருமுனை வரைக்கும் போனது. வாயில் சொட்டு நீர் படாத ஒருவர் அந்த மணத்துக்கு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் கருகாமல் திருப்பிப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். நான் உதவ எழுந்தேன். குளித்து ஈரம் காயாத சேலையோடு வந்தால்தான் சேர்த்துக்கொள்வேன் என்றார். போய்க் குளித்துவிட்டு வந்து அச்சு அழுத்தினேன்.

விரதம் என்றால் ஒதுங்கி இருப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் குறைந்த ஓர் இடத்தில் பசியோடு இருப்பது. இங்கே பசித்தவள்தான் சமைக்கிறாள். தனக்கில்லாததை ஊருக்காகச் செய்கிறாள்.

கூடையில் போனவற்றைக் கேள்: தேங்காய், வாழைத்தார், பெரிய எலுமிச்சை, இலையோடு மஞ்சள் கிழங்கு, இஞ்சிக் கொத்து, முள்ளங்கி, சர்க்கரைவள்ளி, வெற்றிலை, கரும்பு. நம் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைப்பதில் பாதி இதில் இருந்தது. படைப்பதற்குத் தட்டு நம் சுளகுதான். மூங்கில் சுளகையும் கூடையையும் முடைவது டோம் சாதியினர். மற்ற நாளில் ஊரார் தள்ளிவைக்கும் அந்தக் கைகளில் இருந்துதான் சட்டி மையாவின் பாத்திரம் வர வேண்டும். மண் அடுப்பு செய்து விற்பவர்களில் முஸ்லிம் பெண்கள் பலர் உண்டு. பண்டிகைக்கு அடுப்பு செய்வதால் அவர்களும் சுத்தபத்தமாக இருப்பார்கள் என்று சாச்சி சொன்னார். இந்த நோன்புக்குப் புரோகிதர் தேவையில்லை, மந்திரம் தேவையில்லை. மந்திரத்தின் இடத்தில் பாட்டு இருக்கிறது.

பாட்டு என்றதும் ஒரு துக்கத்தைச் சொல்ல வேண்டும். சத் பாட்டு என்றால் இவர்களுக்குச் சாரதா சின்ஹாதான். மைதிலியிலும் போஜ்புரியிலும் மகஹியிலும் பாடியவர்; 2018-இல் பத்மபூஷண் பெற்றவர். இந்த ஆண்டு விரதம் தொடங்கிய 5-ஆம் தேதி இரவு, தில்லி மருத்துவமனையில் தமது 72-ஆம் வயதில் இறந்துபோனார். நேற்றுக் காலை இதே பாட்னாவில், கங்கைக் கரையில் குல்பி காட் என்னும் படித்துறையில் அரசு மரியாதையோடு தகனம் நடந்தது. சாயங்காலம் அதே ஆற்றங்கரையில் ஒலிபெருக்கி ஒவ்வொன்றிலும் அவர் குரல்தான். டேக்குவா பொரித்துக்கொண்டே சாச்சியும் அவர் பாட்டைத்தான் முணுமுணுத்தார். கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

மூன்று மணிக்கு மேல் புறப்பட்டோம். சாச்சியின் மகன் மஞ்சள் துணி மூடிய கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெறுங்காலோடு முன்னே நடந்தான். பெங்களூரில் வேலை பார்க்கிறவன், இதற்காகவே வந்திருக்கிறான். தெருவை அவரவர் வீட்டு வாசல் அளவுக்குக் கழுவிவிட்டிருந்தார்கள். நேர்ந்துகொண்ட சிலர் வீட்டிலிருந்து ஆறு வரைக்கும் விழுந்து கும்பிட்டு, எழுந்து, மறுபடி விழுந்து அளந்தபடியே வந்தார்கள். பெண்களின் மூக்கு நுனியில் தொடங்கிய செந்தூரம் நெற்றியைத் தாண்டி வகிடு வரைக்கும் ஒரே கோடாக ஏறியிருந்தது.

ஐந்து மணியளவில் சூரியன் இறங்கியது. சாச்சி தண்ணீரில் நின்று சுளகை இரு கையாலும் ஏந்தி மேற்கே பார்த்தார். மகன் சுளகுக்கு முன்னால் பால் ஊற்றினான். உதிக்கிற சூரியனைக் கும்பிடுவது நமக்குத் தெரியும். இவர்கள் முதலில் கும்பிடுவது அஸ்தமிக்கிறவனை. பகலெல்லாம் உழைத்துச் சாய்கிறவனுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மறுநாள் வருகிறவனிடம் கேட்க வேண்டும் என்பது இதற்குச் சாச்சி சொன்ன விளக்கம்.

இரவு வீட்டு முற்றத்தில் ஐந்து கரும்பைக் கூடாரமாகக் கட்டி, நடுவில் மண் யானை வைத்து, சுற்றிலும் அகல் ஏற்றினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். அந்த வெளிச்சத்தில்தான் சாச்சியிடம் கேட்டேன், சட்டி மையா யார் என்று. சூரியனின் தங்கை என்றார். குழந்தைகளைக் காப்பவள் என்றார். உருவம் எப்படி இருக்கும் என்றேன். "இதுதான்" என்று சுளகையும் விளக்கையும் காட்டினார்.

இன்னொரு பதிலை உனக்காக வைத்திருக்கிறேன். மகாபாரதத்தின் வனபர்வத்தில் கந்தனின் மனைவி தேவசேனைக்குச் சஷ்டி என்றும் ஒரு பெயர் உண்டு. இங்கே பலர் சட்டி மையாவை அந்தத் தேவசேனை என்றே சொல்கிறார்கள். நம் தெய்வானை, செல்வி! ஆறு நாள் நீ முருகனைப் பார்த்து இருந்த விரதத்தை, இவர்கள் அவளைப் பார்த்து இருக்கிறார்கள்.

இன்று விடியுமுன் மறுபடி ஆற்றுக்குப் போனோம். குளிர்ந்த தண்ணீரில், கிழக்கே பார்த்து, வெகுநேரம் காத்து நின்றார் சாச்சி. உதடு வெடித்திருந்தது, கால் நடுங்கியது, சுளகு மட்டும் அசையவில்லை. ஆறு மணியளவில் ஆற்றுக்கு மேல் சிவப்பு தெரிந்ததும் கரை முழுக்க ஓர் ஒலி எழுந்தது பார், அதைக் குலவை என்று சொல்லவா, அழுகை என்று சொல்லவா, தெரியவில்லை. பால் ஊற்றி முடித்துக் கரையேறியவர் காலில் வயதில் பெரியவர்களும் விழுந்தார்கள். ஒரு துண்டு இஞ்சியும் வெல்லமும் வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். அந்த முதல் மடக்கை விழுங்கியபோது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

சத் பிரசாதத்தை வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும். பணக்காரர்களும் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். நானும் முந்தானையை ஏந்திக் கேட்டேன். எனக்கு ஒன்று, உனக்கென்று சொல்லி இரண்டு. டேக்குவா பல நாள் கெடாது. துணியில் முடிந்து பையில் வைத்திருக்கிறேன்.

இன்று இரவு அங்கே திருக்கல்யாணம். தெய்வானைக்கு மாலை மாற்றியதை நினைக்கும்போது சாச்சியையும் நினைத்துக்கொள். கோவிலில் நீ வாங்கி வந்த பன்னீர் இலை விபூதியில் ஒன்றைத் தனியாக எடுத்து வை. எனக்கு இல்லை, பாட்னாவுக்கு அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி