லோபோட்டன் கடலில் நான்கு நாட்கள்

நார்வே தேசத்தின் வடபாகத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் இருக்கின்றன லோபோட்டன் தீவுகள். மார்ச்சு மாதத்தில் ஸ்வோல்வேர் துறைமுகத்திலே குடும்ப சகிதமாய் மீன்படகு ஏறினோம். அட்லாண்டிக் வெந்நீரோட்டத்தின் புண்ணியத்தால் அங்கே கடல் உறைவதில்லை. விரல்கள்தாம் உறைகின்றன!

ஜனவரி முதல் ஏப்ரல் வரையில், பாரென்ட்ஸ் கடலிலிருந்து 'காட்' மீன்கள் சினையிட இங்கே திரள் திரளாய் வருகின்றன. ஆயினும் இரண்டு நாள் நமக்கு ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் நம் பெண்ணின் தூண்டில் கனத்தது. அவள் இடுப்புயர மீன். வயிறு நிறையச் சினை. பெரிய மீனானால் பல லட்சம் முட்டைகள் இருக்கும்.

"விட்டுவிடுவோம், அப்பா!" என்றாள்.

படகுக்காரர் தலையசைத்தார். ஆழத்திலிருந்து சடுதியில் இழுத்த மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடுமாம். விட்டாலும் பிழைப்பது துர்லபம். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் புயற்காற்று, கரையிலேயே தங்கினோம். மரச்சட்டங்களில் ஆயிரக்கணக்கான மீன்கள் குளிர்காற்றில் காய்ந்தன. உப்பேயில்லாத கருவாடு! இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் போகிறது. வெட்டிய தலைகளிலிருந்து நாக்கை அறுத்தெடுப்பது மட்டும் ஊர்ச் சிறுவர்களின் உரிமை, வரும்படியும் அவர்களுக்கே. உபாத்தியாயராகிய நமக்கு அவர்கள் கைவேகம் திகைப்பூட்டியது. ஒரு சிறுவன் நம் பெண்ணிடம் கத்தியை நீட்டினான். அவள் வாங்கவில்லை, ஆனால் அவ்விடம் விட்டு நகரவுமில்லை.