தேதி ஓரிடத்தில் இருக்கட்டும்

அலங்காநல்லூர்,
மார்கழி 12

அன்புத் தம்பிக்கு,

நம்ம ஊருக்காக நீ செய்திருக்கிற இணையதளத்தை அம்மாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். வாடிவாசல், முனியாண்டி கோயில், புலிக்குளம் மாடு, கீழக்கரை அரங்கம் எல்லாவற்றுக்கும் தனிப் பக்கம் எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். ஒன்றுதான் திருத்த வேண்டும். முகப்பில் ஜல்லிக்கட்டு ஜனவரி 17 என்று இருக்கிறது. கோயில் பக்கத்தில் போன வருஷத்து 16 அப்படியே நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் இதை நம்பித்தான் பஸ் ஏறுவார்கள்.

அவனியாபுரத்துக்குத் தை 1, பாலமேட்டுக்கு 2, நமக்கு 3. ஆனால் பொங்கல் ஜனவரி 14-லும் வரும், 15-லும் வரும். நம்ம நாளும் அதோடு நகரும். தேதி இருக்கிற தலைப்பைப் பக்கத்துக்குப் பக்கம் நகலெடுத்து ஒட்டினால், எத்தனை கவனமாக இருந்தாலும் ஒன்று விட்டுப்போகும்.

ஊர்ப் பெயர், தேதி, மெனு, மாவட்ட நிர்வாகத்தின் பதிவுத் தளத்துக்கான இணைப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வை. உன் சர்வரில் பிஎச்பி இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கோப்பைச் சேர்க்கிற ‘இன்க்ளூட்’ வரி ஒன்று போதும். பட முகவரிகள் சாய்கோட்டில் தொடங்கட்டும். இல்லாவிட்டால் உள் ஃபோல்டர் பக்கங்களில் படம் திறக்காது.

பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வைத்துத் தலைப்பை இழுத்துவருகிற வழியும் உண்டு. அது வேண்டாம். ஸ்கிரிப்ட் ஓடாத இடத்தில் தேதியே தெரியாது. பிஎச்பி சர்வரிலேயே சேர்த்து முழுப் பக்கமாக அனுப்பிவிடும்.

தலைப்பு பக்கத்தோடேயே போக வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை நீ படித்திருக்கிறாயே, ஒவ்வொன்றின் தலையிலும் உழைத்தவர்கள் பெயர் இருக்கும். அந்த முகப்பை நீக்காமல் யாரும் பகிரலாம் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. அதனால் நூல் எந்தக் கைக்குப் போனாலும் அந்தப் பெயர்களும் சேர்ந்தே போகின்றன. நம்ம பக்கத்தையும் யாராவது சேமித்து வாட்ஸப்பில் அனுப்புவார்கள். அப்போது ஊர்ப் பெயரும் தேதியும் அதிலேயே இருக்க வேண்டும். தேதியோடு ஆண்டையும் எழுது. பழைய பக்கத்தைப் பார்த்து யாரும் ஏமாறக் கூடாது.

மாற்றியதும் ஒரு வார்த்தை சொல். எல்லாப் பக்கத்தையும் திறந்து பார்த்துச் சொல்கிறேன். பொங்கலுக்கு முந்தியே வந்துவிடு, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அக்கா