அழாத பிள்ளை

"அழுத பிள்ளைக்குத்தான் பால்" என்று வகுப்பிலே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். அந்தப் பழமொழி ஆஸ்பத்திரி வாசலில் செல்லாது என்பதைச் சென்ற மாதந்தான் கற்றோம்.

கை முறிந்து அலறிய மாணவன் ஒருவனை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். மூத்த நர்ஸம்மாள் அவன் விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்து, மஞ்சள் பட்டை கட்டி உட்கார வைத்தார். நமக்குப் பின்னால் வந்து, பேசாமல் வியர்த்துக்கொண்டிருந்த கிழவருக்கோ சிவப்புப் பட்டை. உடனே உள்ளே அனுப்பினார்.

"நாங்களல்லவா முதலில் வந்தோம்?" என்று இரைந்தோம்.

"பையன் அழுகிறான் ஸார், மூச்சு நன்றாயிருக்கிறது. அவருக்கு நாடி தளர்கிறது" என்றார்.

மாரடைப்பென்று ஐயம் தோன்றினால், வந்த 10 நிமிஷத்திற்குள் இ.ஸி.ஜி. எடுக்கவேண்டுமென்பது வைத்திய விதி. டாக்டர் ஒருவர், காத்திருப்போர் பலர் என்ற இடத்தில் அந்த 10 நிமிஷத்தைக் காப்பவர் யார்? நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றைப் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுக்கும் அந்த அனுபவக் கண்களே! பக்கத்தில் நின்ற இளம் நர்ஸுக்கும் அவர் காரணம் சொல்லிக்கொண்டே வகுத்தார்.

கிழவர் பிழைத்தார். பையனுக்கும் மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் வகுப்பில், கடைசி பெஞ்சியில் வாய் திறவாதிருந்த பிள்ளையிடம் முதலில் சென்றோம்.