பட்டன் தேயாவிட்டாலும் டயருக்கு வயதாகும்

புடவை எடுக்கப் போனால் முந்தானையைப் பிரித்துப் பார்க்கிறோம். புளி வாங்கினால் கொட்டையும் கோதும் இருக்கிறதா என்று கிள்ளிப் பார்க்கிறோம். மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்கிறோம். ஆனால் குடும்பமே ஏறி உட்கார்ந்து போகிற காருக்கு டயர் வாங்கும்போது மட்டும், "அது ஆம்பிளைங்க சமாசாரம்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். சகோதரிகளே, டயரும் ஒரு குடும்பச் செலவுதான். அதுவும் ஒரு மாத மளிகையை விடப் பெரிய செலவு! நாம் ஏன் விலகி நிற்க வேண்டும்?

எங்களிடம் இருப்பது 2017-ல் வாங்கிய ஒரு சிறிய கார். அவருக்கு ஆபீஸ் பக்கம்தான், ஸ்கூட்டரிலேயே போய் வந்துவிடுவார். கோயில், கல்யாணம், மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, இவற்றுக்குத்தான் காரை எடுப்போம். ஏழு வருஷத்தில் 28,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. மற்ற நாளெல்லாம் வாசலில் வெயில் காய்ந்துகொண்டு நிற்கும்.

2024-ல் எங்கள் பெரிய பெண்ணுக்கு ஏழாம் மாதம். கோயம்புத்தூரில் கொடுத்திருக்கிறோம். வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்குச் சேலம் அழைத்து வர வேண்டும். அதற்கு முன் காற்றுப் பிடிக்கப் போன இடத்தில், எங்கள் தெருமுனை பஞ்சர் கடைக்காரர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், பட்டன் அப்படியே இருக்கு. ஆனா ரப்பர் செத்துப்போச்சு" என்றார். டயரின் பக்கவாட்டில் குதிகால் வெடிப்பு மாதிரி மெல்லிய கீறல்கள் ஓடியிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் அவர், "கடைக்காரங்க அப்படித்தான் சொல்வாங்க. பட்டன்தான் தேயவே இல்லையே! இன்னும் பத்தாயிரம் தாராளமா ஓடும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாலு டயர் மாற்றினால் இருபதாயிரம் ரூபாய். வளைகாப்புக்கு மண்டபம், சாப்பாடு, சீர் என்று கணக்குப் போட்டு எடுத்து வைத்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும்.

பட்டனைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். அப்போது மிஞ்சியிருக்கும் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான். மழையில் தண்ணீரைப் பிதுக்கித் தள்ள அது போதாது. எங்கள் டயரில் அந்த மேட்டுக்கு மேலே இன்னும் நிறையவே பட்டன் இருந்தது.

"ஏங்க, நம்ம குக்கர் காஸ்கெட் தேஞ்சு போயா மாத்தறோம்? விறைச்சு, வெடிச்சுப் போறதாலதானே மாத்தறோம்? ரெண்டும் ரப்பர்தானே?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ரப்பர் ஓடினால் தேயும். ஓடாமல் நின்றாலும் காற்றும் வெயிலும் பட்டு உள்ளுக்குள் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் ரோட்டைப் பிடிக்காது. அதிகம் ஓட்டாத வீடுகளில் டயர் தேய்ந்து சாவதில்லை, கிழடு தட்டித்தான் சாகிறது.

சரி, டயரின் வயதை எப்படித் தெரிந்துகொள்வது? காஸ் சிலிண்டரில் அடுத்த சோதனை எப்போது என்று ஓர் எழுத்தும் வருஷமும் போட்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே போல டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வருவதில் கடைசி நாலு எண்தான் அதன் பிறந்த தேதி. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். சில டயரில் இது உள்பக்கம் பார்த்திருக்கும். பையன் செல்போன் விளக்கைப் பிடிக்க, நான் குனிந்து படித்தேன். 1217. அதாவது 2017-ம் ஆண்டின் 12-வது வாரம். ஐந்து வருஷம் தாண்டிய டயரை வருஷம் ஒரு முறையாவது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பட்டன் இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது டயர் கம்பெனிகளே சொல்வது. எங்களுடையதில் ஏழு வருஷமும் ஆகி, வெடிப்பும் வந்துவிட்டது.

அன்று இரவு பெண்ணிடம் போனில் பேசினேன். "மண்டபம் யாரும்மா கேட்டா? எங்க வீட்டு மொட்டை மாடியே போதும். நான் நல்லபடியா வந்து சேர்ந்தா சரி" என்றாள். சம்பந்தியம்மாவும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். அதற்கப்புறம் அவரும் மறுப்புச் சொல்லவில்லை. "சரி, கடைக்கு நீயும் வா" என்று கூப்பிட்டார்!

கிளம்பும்போது, எந்தக் கம்பெனி டயர் என்று ஒரு வாதம். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். முதல் பல கம்பெனிகள் நம் ஊரிலேயே டயர் செய்கின்றன. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல கம்பெனி எதுவானாலும் சரி, அளவும் தேதியும்தான் முக்கியம் என்று முடிவு செய்தோம்.

அளவு டயரிலேயே எழுதியிருக்கும். எங்கள் காருக்கு 165/80 ஆர்14 85டி. பார்த்தால் பரீட்சைக் கணக்கு மாதிரி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்றால் பக்கவாட்டின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு. ஆர் என்றால் ரேடியல் டயர். 14 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் அளவு, அங்குலத்தில். 85 என்பது பாரத்துக்கான குறி, ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். நாம் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆனாலும் கார் கம்பெனி சொன்ன பாரக் குறிக்கும் வேகக் குறிக்கும் குறைந்த டயரைப் போடக் கூடாது.

கடைக்காரத் தம்பி முதலில், "அக்கா, இதைவிட அகலமா போட்டா வண்டி எடுப்பா இருக்கும்" என்றார். ஜாக்கெட் துணி மீந்தாலாவது பையாகத் தைக்கலாம். அளவுக்கு மேல் அகலமான டயர் சக்கர வளைவில் உரசலாம், பெட்ரோலும் கூடக் குடிக்கும். வேண்டாம் என்றோம். அடுத்து, மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி போட்ட டயரைத் தள்ளுபடியில் எடுத்து வந்தார். "கடையிலதான் இருந்துச்சு, ஓடவே இல்லையேக்கா!" நிழலில் வைத்த டயர் அவ்வளவு சீக்கிரம் கெடாது என்பது உண்மைதான். ஆனால் எங்களைப் போல் மெல்ல ஓட்டுகிறவர்களுக்கு வயதுதானே கணக்கு? மூன்று வருஷத்தை முன்பே இழந்த டயரை வாங்குவானேன்? அந்த வருஷத்துத் தேதியாகப் பார்த்துக் கேட்டு வாங்கினோம்.

நாலும் ஒன்றாகக் கிழடானதால் நாலையும் மாற்றினோம். உங்கள் வீட்டில் இரண்டுதான் மாற்ற முடியும் என்றால், புதிதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன் டயர் ஈரத்தில் வழுக்கினால் ஸ்டியரிங் பிடித்தவருக்குக் கையிலேயே தெரியும், வேகத்தைக் குறைப்பார். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். டயரோடு சேர்த்துப் புது வால்வும் போட்டு, பேலன்ஸிங்கும் அலைன்மென்ட்டும் பார்த்தார்கள். பில்லில் டயர் எண்களை எழுதி வாங்கிக்கொண்டேன். நாளைக்குக் குறை என்று போனால் அதுதான் பேசும்.

பழைய டயரைக் கடையிலேயே கொடுத்துவிட்டோம். ஊஞ்சல் கட்டலாம், செடி வைக்கலாம் என்று மாடியில் போட்டு வைக்காதீர்கள். அதில் தேங்கும் மழைத் தண்ணீர் போதும், டெங்குக் கொசு குடும்பம் நடத்த! ஸ்டெப்னி மட்டும் பழசு. அது பஞ்சர் கடை வரை மெதுவாகப் போய்ச் சேரத்தான் என்று பேசி வைத்திருக்கிறோம்.

பெண்ணை அழைத்து வந்த அன்று பெருந்துறையிலிருந்து பவானி வரை விடாத மழை. லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. அவள் வளையல் கையை வயிற்றின் மேல் வைத்தபடி என் தோளில் தூங்கிக்கொண்டே வந்தாள். ஒரு கார் மொத்தமும் ரோட்டைத் தொடுவது டயருக்கு ஓர் உள்ளங்கை அகலம்தான் என்பார்கள். அந்த நாலு உள்ளங்கைகள்தான் இரண்டு உயிரைப் பத்திரமாகச் சேலம் கொண்டுவந்து சேர்த்தன.

இனிச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மாதம் ஒரு முறை, வண்டி சூடேறுவதற்கு முன் காலையிலேயே காற்றுப் பார்க்க வேண்டும். எவ்வளவு என்று பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டிய சீட்டில் இருக்கும். ஆள் நிறைந்தால் எவ்வளவு என்றும் இருக்கும். காற்றுக் குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும், நெடுந்தூரம் வேகமாகப் போகும்போது சூடேறி வெடிக்கவும் செய்யும். காற்று கூடினால் நடுவில் தேயும். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, பேரனுக்குத் தடுப்பூசி போட வேண்டிய தேதி எல்லாம் இருக்கிறது. இப்போது அதன் ஓரத்தில் டயருக்குக் காற்றுப் பிடித்த தேதியும் என் கையெழுத்திலேயே இருக்கிறது.