பாம்புக்கும் ஊசி உண்டு!

ஆம்பூர் என்றதும் பிரியாணியும் செருப்பும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கள் பக்கமே தோல் பதனிடும் சீமை. ஒரு காலத்தில் பாம்புத் தோலும் பையாகவும் பெல்ட்டாகவும் கப்பலேறியது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1976-ல் ஏற்றுமதியும் நின்றது. பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்கள் அப்புறம் என்ன செய்தார்கள்? அதைப் பார்க்கத்தான் பள்ளி லீவில் பிள்ளைகளுடன் வடநெம்மேலிக்குப் போனோம்.

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், முதலைப் பண்ணை வளாகத்திலேயே இருக்கிறது, 1978-ல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மண்பானைக்குள் பாம்புகள்! நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை எடுத்து, சில வாரங்களில் அவற்றைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது.

"பாம்புக்கு உடம்பு சரியில்லேன்னா யாரு மாமா ஊசி போடுவாங்க?" என்றாள் சின்னவள். கூட வந்த என் நாத்தனார் வீட்டுக்காரர் கால்நடை டாக்டர்.

"அதுக்கும் வாய்ப்புண், சளி எல்லாம் வரும் கண்ணு. ஆன்டிபயாடிக் ஊசி உண்டு. ஆனா வால் பக்கம் போடறதில்லே. பின்பக்க ரத்தம் சிறுநீரகம் வழியாப் போகும். சில மருந்து அங்கேயே வீணாகும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதனால உடம்போட முன்பாதியில, முதுகெலும்பை ஒட்டின சதையில, செதிலுக்கு நடுவே மெல்லிய ஊசியாப் போடணும். ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்கணும். எடை பார்த்துத்தான் அளவு. பாம்பை இதமான சூட்டுலயும் வைக்கணும். குளிர்ந்தா மருந்து சரியா வேலை செய்யாது. சில மருந்து மூணு நாளைக்கு ஒரு தடவை போதும்."

"நாமளும் ஒண்ணு வளர்க்கலாமா?" என்றான் பெரியவன். நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று சொன்னதும் வாய் மூடினான்!

தாய்மார்களே, நமக்கு வேண்டிய பாடம் இதுதான். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள்; கீறாதீர்கள்; வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, குழந்தையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு நேரே விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் படுத்தவர்களைக் கடிக்கும். வலியோ தடமோ தெரியாமலே போகலாம். விடியற்காலையில் குழந்தை வயிற்று வலி என்று அழுது, இமை தொங்கினால், சூட்டு வலி என்று கஷாயம் போட்டுக்கொண்டு நேரம் கடத்த வேண்டாம். கட்டிலும், ஓரம் செருகிய கொசுவலையும், கையில் ஒரு டார்ச்சும் இருந்தால் பாதி பயம் தீரும்.